டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துவிட்டு ஆட்டோ பிடியுங்கள்

மருத்துவ ஆவணங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மையார் பதில் அளிக்கிறார்.

அப்பாவுக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்து ராத்திரியில் தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்டென்ட் வைத்து, நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பத்து வருடமாகச் சர்க்கரை நோய்’ என்று போட்டிருக்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. பாலிசி எடுத்து நான்கு வருடம். ‘நோயை மறைத்துப் பாலிசி எடுத்தீர்கள்’ என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது. மருத்துவமனையில் கேட்டால் ‘ஒருமுறை எழுதியதை மாற்ற முடியாது’ என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், திருச்சி

அவர்கள் சொல்வது பாதி உண்மை. அழித்துவிட்டு எழுதத்தான் முடியாது, திருத்தம் போடலாம். அதற்கு முறை இருக்கிறது.

அந்தப் பத்து வருடம் எங்கிருந்து வந்திருக்கும் என்று முதலில் சொல்கிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேஷுவாலிட்டிக்கு வருகிறார். ஈசிஜி எடுத்துக்கொண்டிருக்கும்போதே டூட்டி டாக்டர் கேட்கிறார்: “சுகர் இருக்கா? எத்தனை வருஷமா?” நோயாளி பேசும் நிலையில் இல்லை. கூட வந்த மச்சானோ பக்கத்து வீட்டுக்காரரோ “அது இருக்கும் சார், ஒரு பத்து வருஷமா” என்று சொல்லிவிடுகிறார். டாக்டர் ‘கே/சி/ஓ டி2டிஎம் 10 இயர்ஸ்’ என்று கிறுக்குகிறார். ஏற்கெனவே தெரிந்த இரண்டாம் வகை சர்க்கரை நோயாளி, பத்து ஆண்டு என்று அர்த்தம். மறுநாள் வார்டு டாக்டர் அதைப் பார்த்து எழுதுவார். அவர் எழுதியதைப் பார்த்து இதய சிகிச்சைப் பிரிவில் எழுதுவார்கள். கடைசியில் சம்மரி டைப் செய்கிறவரும் அதையே டைப் செய்வார். நடுவில் யாரும் நோயாளியிடம் திரும்பக் கேட்பதில்லை. நாலு இடத்தில் இருப்பதால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரருக்கு அது நாலு சாட்சியாகத் தெரியும். உண்மையில் எல்லாம் ஒரே வாய் சொன்னதுதான்.

ஆகவே முதல் வேலை, சம்மரியோடு நிற்காமல் முழு கேஸ் ஷீட்டின் நகலை வாங்குவது. எப்படி வாங்குவது என்று அடுத்த கேள்வியில் சொல்லியிருக்கிறேன். அதில் அட்மிஷன் அன்று டாக்டர் எழுதிய முதல் பக்கத்தையும், நர்ஸ் எழுதிய முதல் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நர்ஸுகள் பெரும்பாலும் கொஞ்சம் ஆசுவாசம் ஆனபிறகு நோயாளியிடமே கேட்டு எழுதுவார்கள். அங்கே ‘2 வருடம்’ என்று இருந்தால் உங்கள் வழக்கில் பாதி முடிந்தது.

அடுத்து ஆதாரம். சர்க்கரை முதன்முதலில் தெரியவந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனை, மாத்திரை ஆரம்பித்த முதல் சீட்டு, இரண்டும் வேண்டும். இவற்றைவிட மதிப்பானது, அதற்கு முன்பு சர்க்கரை ‘இல்லை’ என்று காட்டும் ரிப்போர்ட். ஆபீஸில் எடுத்த செக்கப், குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனை, எதுவாக இருந்தாலும் சரி. நம் வீடுகளில் ‘நார்மல்’ என்று வந்த ரிப்போர்ட்டைத்தான் முதலில் கிழித்துப் போடுவோம். இந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது அதுதான். வீட்டில் இல்லையென்றால் அந்த லேபில் கேட்டுப் பாருங்கள், கம்ப்யூட்டரில் இருக்க வாய்ப்புண்டு.

இவற்றை இணைத்து, சிகிச்சை அளித்த இதய மருத்துவருக்கு ஒரு கடிதம், மருத்துவக் கண்காணிப்பாளருக்கு அதன் நகல். கேட்க வேண்டியது இதுதான்: தவறான வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் திருத்திய தேதியும் போட்டுத் தர வேண்டும். அதற்கு மனம் வராவிட்டால், லெட்டர்ஹெட்டில் ஒரு விளக்கக் கடிதம் போதும். ‘நோய் வரலாறு உடன் வந்தவர் சொன்னபடி பதிவு செய்யப்பட்டது. ஆவணங்களைப் பார்த்ததில் சர்க்கரை நோய் இன்ன ஆண்டில்தான் கண்டறியப்பட்டது தெரிகிறது’ என்று நாலு வரி. கீழே கையெழுத்தும், முத்திரையும், டாக்டரின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத கடிதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி திருப்பி அனுப்பும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கவுன்டரில் தெரிந்தவரைப் பிடித்து, பழைய தேதியிலேயே புது சம்மரி ஒன்றை பிரின்ட் எடுத்து வாங்காதீர்கள். முதல் சம்மரி ஏற்கெனவே கம்பெனி கையில் இருக்கிறது. ஒரே தேதியில் இரண்டு சம்மரி, இரண்டிலும் வேறு வேறு கதை என்றால் நேர்மையான உங்கள் க்ளெய்ம் மோசடி மாதிரி ஆகிவிடும். திருத்தம் என்றால் திருத்தியது தெரிய வேண்டும்.

பாலிசியைத் தொடர்ந்து ஐந்து ஆண்டு கட்டிவிட்டால், மோசடியை நிரூபித்தால் ஒழிய ‘மறைத்தீர்கள்’ என்று கம்பெனி சொல்ல முடியாது. 2024-இல்தான் இதை எட்டு ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள். உங்களுக்கு நான்கு ஆண்டுதான் ஆகியிருப்பதால் அந்தக் கவசம் இல்லை, திருத்தம் வாங்கியே ஆக வேண்டும். வாங்கியதும் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை விசாரிப்பார். கம்பெனி கடைசியாகக் கைவிரித்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.

என் மனைவிக்கு கர்ப்பப்பை அகற்றும் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு சில தொல்லைகள். வேறு டாக்டரிடம் காட்டினால் ‘ஆபரேஷன் நோட்ஸ் வாங்கி வாருங்கள்’ என்கிறார். பழைய மருத்துவமனையில் ‘கேஸ் ஷீட் எங்கள் சொத்து, சம்மரி கொடுத்தாகிவிட்டது’ என்று திருப்பி அனுப்புகிறார்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

தாள் அவர்களுடையதுதான், மறுக்கவில்லை. மூலத்தைக் கேட்காதீர்கள், நகலைக் கேளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு தொழில் ஒழுக்க விதிகள் தெளிவாக இருக்கின்றன. நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் புது விதிகள் வந்தன, ஆனால் அதே மாதமே அவற்றை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதனால் இன்றும் 2002 விதிதான். நோயாளிக்குத் தன் கேஸ் பேப்பரைத் தர மறுக்க ‘ரகசியம்’ என்று சாக்குச் சொல்ல முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. நகல் எடுக்கும் செலவை மட்டும் நாம் கட்ட வேண்டும்.

அந்த விதி கட்டுப்படுத்துவது பதிவு பெற்ற மருத்துவரை. அதனால் கடிதத்தை நிர்வாகத்துக்கு மட்டும் எழுதினால் ‘இது எங்கள் பாலிசி’ என்று பதில் வரும். ஆபரேஷன் செய்த டாக்டர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மருத்துவர்மீது புகார் போனால் அது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

கடிதத்தை உங்கள் மனைவியே கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அவர் பெயரில் நீங்கள் போவதானால் ஓர் அதிகாரக் கடிதமும், இருவருடைய அடையாள அட்டை நகலும் வேண்டும். ‘கணவன்தானே’ என்று வாய்ச்சொல்லுக்குக் கொடுத்துவிடும் மருத்துவமனையை நான் நல்ல மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன்.

பழைய பில்லைத் தேடி ஐபி நம்பரை, அதாவது உள்நோயாளி எண்ணை எடுங்கள். யூஹெச்ஐடி என்ற நம்பர் அந்த மருத்துவமனையில் ஒருவருக்கு எப்போதும் ஒன்றுதான், ஐபி நம்பர் ஒவ்வொரு அட்மிஷனுக்கும் மாறும். பெயரை வைத்துத் தேடச் சொன்னால், ஒரே பெயரில் ஐம்பது லட்சுமி இருப்பார்கள். எங்கள் ரெக்கார்டு அறையில் நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்துத்தான் அடுக்குவோம். 47-இல் முடிகிறதென்றால் 47-ஆம் ரேக். நம்பர் கையில் இருந்தால் பத்து நிமிஷ வேலை, இல்லையென்றால் ‘நாளைக்கு வாங்க’.

‘முழு கேஸ் ஷீட் வேண்டும்’ என்று மொட்டையாக எழுதினால் திரும்பவும் அதே சம்மரியைத்தான் ஸ்டேப்ளர் அடித்துத் தருவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: அட்மிஷன் குறிப்பு, தினசரி டாக்டர் குறிப்புகள், நர்ஸ் குறிப்புகள், மருந்து சார்ட், ஒப்புதல் படிவங்கள், ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துப் பதிவு, எல்லாப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், பயாப்ஸி ரிப்போர்ட். கர்ப்பப்பையை எடுத்திருப்பதால் அதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டை மறக்காமல் வாங்குங்கள். புது டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால், அந்த லேபிடம் ஸ்லைடையும், திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி வேறு இடத்தில் பார்க்கச் சொல்லலாம்.

கடிதத்தின் நகலில் தேதியோடு ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் வாயிலில் நின்று சண்டை போட வேண்டாம். சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள். 72 மணி நேரம் அதன்பிறகு ஓடட்டும். அப்புறமும் தராவிட்டால், மருத்துவமனைமீது மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுக்கலாம். தனியார் மருத்துவமனைகளுக்குப் பதிவு கொடுப்பது அந்த அலுவலகம்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

தள்ளிப் போடாதீர்கள். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்றுதான் அதே விதி சொல்கிறது. அதுவும் டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து இல்லை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து. பல மருத்துவமனைகள் அதைவிட நீண்ட காலம் வைத்திருக்கின்றன. ஆனால் வைத்திருப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. ரேக் நிறைந்துவிட்டால் எது முதலில் வெளியே போகும் என்று எனக்குத் தெரியும்.

அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். ஓபி சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் மழையில் நனைந்து போய்விட்டன. திரும்ப வாங்க முடியுமா? யாருக்காவது பணம் கொடுக்க வேண்டுமா?
– வாசகர், விருதுநகர்

யாருக்கும் கொடுக்க வேண்டாம். முதலில் நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்து, அட்மிஷன் தேதி, வார்டு, ஐபி நம்பர் போட்டு ஒரு மனு கொடுங்கள். பல இடங்களில் இதிலேயே வேலை முடிந்துவிடும். ஐபி நம்பர் தெரியாவிட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் நடந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் காப்பீட்டுக் கவுன்டரில் உங்கள் அட்டையை வைத்தே விவரம் எடுக்கலாம்.

இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தனியாருக்கு இல்லாத ஒரு வசதி இது. பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். ‘எனக்கு ஏன் சீட்டு தரவில்லை?’ என்று கேள்வியாகக் கேட்காதீர்கள். ‘இந்தத் தேதியில் இந்த ஐபி நம்பரில் சிகிச்சை பெற்ற எனது கேஸ் ஷீட்டின் நகல்’ என்று ஆவணமாகக் கேளுங்கள். ஆதார் நகலை இணையுங்கள், அடுத்தவர் ஆவணம் என்று சொல்லி நிராகரிக்க வழியில்லாமல் போகும். பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

ஃபைலில் பத்திரமாக வைத்திருந்த ஈசிஜி வெள்ளைத் தாளாகிவிட்டது! என்ன மாயம்?
– வாசகி, தஞ்சாவூர்

அது வெப்பத்தாள், அம்மா. பஸ் டிக்கெட், ஏடிஎம் ரசீது போலத்தான். சூடும் வெளிச்சமும் பட்டால் மங்கும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் சீக்கிரமே போகும், நாம் பத்திரம் என்று நினைத்துச் செய்வதே வினையாகிறது. ஈசிஜி, அல்ட்ராசவுண்டோடு தரும் சின்னப் படங்கள் இவற்றை வாங்கிய வாரமே சாதாரணத் தாளில் ஜெராக்ஸ் எடுங்கள், போனில் படமும் எடுங்கள். சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன் என்றால் ஃபிலிமோடு கம்ப்யூட்டர் டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். வேறு டாக்டர் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க அதுதான் உதவும்.

என் தந்தை தனியார் மருத்துவமனையில் காலமானார். என்ன காரணத்தால் இறந்தார் என்றே எங்களுக்கு எழுத்தில் தரவில்லை. மாநகராட்சியில் வாங்கிய இறப்புச் சான்றிதழிலும் காரணம் இல்லை.
– வாசகி, சேலம்

இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது, அது சட்டப்படியே அப்படித்தான். காரணம் இருப்பது மருத்துவமனை பதிவாளருக்கு அனுப்பும் இறப்புக் காரணச் சான்றிதழில். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023-இல் திருத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், அந்தச் சான்றிதழின் ஒரு நகலை மிக நெருங்கிய உறவினருக்கும் மருத்துவமனை கொடுத்தாக வேண்டும். இது பல வார்டுகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அந்தத் தேதிக்குப் பிந்தைய மரணம் என்றால் இந்தத் திருத்தத்தைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள்.

கேஸ் ஷீட்டும் வேண்டுமென்றால் வாரிசு என்பதற்கான ஆவணத்தை வைத்துக் கேட்கலாம். அம்மா இருந்தால் அவர் கையெழுத்தில் கேட்பது வேலையைச் சுலபமாக்கும். நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் தகராறு வருமோ என்று பயந்துதான் ஆவணப் பிரிவு தயங்கும், உங்கள்மேல் கோபம் ஒன்றும் இருக்காது.

மகளுக்கு 22 வயது. மனநல மருத்துவரிடம் போய்வருகிறாள். என்ன சொல்கிறாள், என்ன மருந்து என்று எங்களிடம் சொல்வதில்லை. பெற்றோர் என்ற முறையில் ஃபைலைப் பார்க்க எங்களுக்கு உரிமை உண்டா?
– வாசகி, சென்னை

அவள் சம்மதம் இல்லாமல் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம் ஃபைலைப் பார்க்கும் உரிமையை அவளுக்குத்தான் கொடுக்கிறது. அவளுக்குக் காட்டினாலே அவளுக்கோ மற்றவருக்கோ பெரிய கேடு வரும் என்று டாக்டர் கருதினால் மட்டும் அந்தப் பகுதியை நிறுத்தி வைக்கலாம். போய்வருகிறாள் என்பதே நல்ல செய்தி. நீங்கள் கவலைப்படுவதை டாக்டரிடம் போய்ச் சொல்லத் தடை எதுவும் இல்லை, அவர் கேட்டுக்கொள்வார். பதிலுக்கு அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அவரை மாற்ற வேண்டாம்.

மருமகளுக்கு ஏழாம் மாதம். பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவில் அவள் பெயரின் இனிஷியல் தவறாக இருக்கிறது. பிரசவம் முடிந்து பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, திண்டுக்கல்

வேண்டாம், இப்போதே. தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு பிக்மி எண் கட்டாயம். அங்கே ஆரம்பிக்கும் எழுத்துப்பிழை குழந்தையின் சான்றிதழ்வரை கூடவே வரும். ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். குழந்தையின் பெயரைப் பற்றி அவசரப்பட வேண்டாம். பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்து, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை சேர்க்கலாம். அப்பா அம்மா பெயரில் மட்டும் இப்போது கவனமாக இருங்கள்.

‘ஆபா’ என்ற சுகாதாரக் கணக்கு எண் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் என் நோய் விவரமெல்லாம் அரசாங்கத்துக்குப் போய்விடும் என்கிறான் மகன். எடுக்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய திட்டம் அது. 14 இலக்க எண், ஆதாரை வைத்து எடுத்துக்கொள்ளலாம். கட்டாயம் இல்லை, எண் இல்லை என்பதற்காக யாரும் வைத்தியம் பார்க்க மறுக்க முடியாது. ரிப்போர்ட்டுகள் ஒரே இடத்தில் போய்க் குவிவதில்லை, அந்தந்த மருத்துவமனையிலும் லேபிலும்தான் இருக்கும். வேறு டாக்டர் பார்க்க வேண்டுமானால் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். எது, எத்தனை நாளைக்கு என்று நீங்கள் சொல்லலாம், கொடுத்த அனுமதியைத் திரும்பவும் பெறலாம்.

என் அபிப்பிராயம், எடுத்து வையுங்கள். ஆனால் உங்கள் டாக்டர் அந்த அமைப்பில் சேராவிட்டால் அந்த எண்ணால் பயன் கொஞ்சம்தான். பழைய சீட்டுகளைப் படம் எடுத்து நீங்களே ஆபா ஆப்பில் ஏற்றிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது வேறொன்று: கவுன்டரில் இருப்பவர் ‘ஓடிபி சொல்லுங்க’ என்றதும் எதற்கு என்று கேட்காமல் சொல்லிவிடுகிறோம். மகன் பயப்பட வேண்டியது அந்த இடத்தில்.

அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், கண்ணுக்கு, மூட்டுக்கு என்று தனித்தனி டாக்டர்கள். வீட்டில் ஒரு மஞ்சப்பை நிறைய சீட்டுகள். எதைத் தேடினாலும் கிடைப்பதில்லை. எப்படி ஒழுங்குபடுத்துவது?
– வாசகி, நாகர்கோவில்

மஞ்சப்பையைப் பழிக்காதீர்கள், எல்லாம் ஒரே இடத்திலாவது இருக்கிறது. டாக்டர்வாரியாகப் பிரிக்காமல், தேதிவாரியாகப் புதியது மேலே வருமாறு அடுக்குங்கள். கண் டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை சர்க்கரை டாக்டர் பார்க்க வேண்டும், தனி ஃபைல் போட்டால் பார்க்கவே மாட்டார். மருந்துக்கடை பில், சாப்பாட்டு பில் எல்லாம் வேறு உறைக்குப் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு தாள். அம்மாவின் பெயர், பிறந்த ஆண்டு, ரத்தப் பிரிவு, ஒவ்வாமை, இருக்கும் நோய்களும் தெரியவந்த ஆண்டும், நடந்த ஆபரேஷன்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள் அளவோடு. தேதி போட்டு எழுதி, மாத்திரை மாறும்போதெல்லாம் புதிதாக எழுதுங்கள். அந்தத் தாள் கையில் இருந்திருந்தால், இந்தப் பகுதியின் முதல் கேள்வியே வந்திருக்காது. கேஷுவாலிட்டியில் யாராவது ‘எத்தனை வருஷமா?’ என்று கேட்டால் பேசாமல் தாளை நீட்டிவிடலாம்.

ஒவ்வாமை வரியை டிஸ்சார்ஜ் சம்மரியிலும் தேடிப் பாருங்கள். ‘என்கேடிஏ’ என்று இருந்தால் தெரிந்தவரை மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை என்று பொருள். அம்மாவுக்குப் பென்சிலின் ஆகாது என்று உங்களுக்குத் தெரிந்திருந்து, சம்மரியில் அப்படி இருந்தால் வார்டை விட்டு நகராதீர்கள். டாக்டர் அங்கேயே இருக்கும்போது திருத்துவது ஐந்து நிமிஷம். அப்படியே வலது இடது, மாத்திரை அளவு, அடுத்து வரவேண்டிய தேதி மூன்றையும் விரல் வைத்துப் படியுங்கள். கவுன்டரில் பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தால் உள்ளே வைத்த லென்ஸின் ஸ்டிக்கர் ஒட்டிய சின்ன அட்டை ஒன்று கொடுத்திருப்பார்கள். பவர், சீரியல் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஸ்டென்ட், பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு எல்லாவற்றுக்கும் இதுபோல் உண்டு. விளம்பர அட்டை என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு எம்ஆர்ஐ எடுக்கலாமா கூடாதா என்பதற்கு அந்த அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள். அதைத் தேடி எடுத்து முதல் தாளின் பின்னால் குத்தி வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் லேப் ரிப்போர்ட்டுகளை அங்கேயே விட்டுவிட்டால் போன் மாற்றும்போது போய்விடும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் மாற்றி, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். ஆண்டு முன்னால் இருந்தால் தானாகவே வரிசையில் நிற்கும்.

லேபில் ஓ பாசிட்டிவ் என்றார்கள். ரத்ததான முகாமில் பி பாசிட்டிவ் என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், ஈரோடு

இரண்டையும் நம்பாமல், ரத்த வங்கி உள்ள மருத்துவமனையில் புதிதாக ரத்தம் கொடுத்து மறுபடி பாருங்கள். லேப் தவறு என்று தெரிந்தால், அந்த ரிப்போர்ட்டோடு போய் ‘திருத்தப்பட்ட அறிக்கை’ என்று குறிப்பிட்டே புதியதை வாங்குங்கள். அங்கீகாரம் பெற்ற லேப் என்றால் அப்படிக் குறிப்பிடுவது அவர்களுக்குக் கட்டாயம். மாதிரி மாறியிருந்தால் அன்று உங்கள் பெயரில் வந்த மற்ற ரிப்போர்ட்டும் அடுத்தவருடையதாக இருக்கலாம், அதையும் கேளுங்கள். ஓட்டுநர் உரிமத்தில் எதைப் போட்டிருக்கிறீர்கள் என்றும் பார்த்துவிடுங்கள்.

பரணில் முப்பது வருட எக்ஸ்ரேக்கள். பழைய பேப்பர்காரர் கேட்கிறார். போட்டுவிடலாமா?
– வாசகர், காரைக்குடி

கேட்காமல் இருப்பாரா, பழைய ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது. ஆறிப்போன கைமுறிவு, பல்வலிப் படங்களைப் போடலாம். நெஞ்சு எக்ஸ்ரேயில் பழையதாக ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு நிழல் தெரிந்தால், அது இருபது வருடமாக இருக்கும் பழைய தழும்பா, புதிதா என்று பார்க்க டாக்டர் அதைத்தான் கேட்பார். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ஃபிலிம் இருந்தால் அதையும் போடாதீர்கள். மற்றதைப் போடும்போது பெயர், வயது எழுதிய மூலையைக் கத்தரித்துவிட்டுக் கொடுங்கள். எடைக்குக் காசு பேசி வாங்குங்கள், பேப்பர் விலைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள்.